தத்துவம் யாருடைய சொத்து?

நாகர்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் மாதம் இருமுறை நாம் ஒரு படிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். பனையேறிகள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள், கொத்தனார்கள், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலையும் வாலிபர்கள் என்று பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். சென்ற ஆண்டு அங்கே ஒரு வாலிபர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, பாரதத்தின் தத்துவம் என்றால் வேதாந்தம்தான், உலகம் மாயை என்பதுதான் அதன் முடிவு என்று ஒரு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எங்க அப்பா பனையிலேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு ஏழு வருஷமா திண்ணையிலே கிடக்கார். அந்த வலியும் மாயைதானா? நம்ம முன்னோர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைச்சாங்களா?"

நல்ல கேள்வி. ஆனால் நாம் என்ன பதில் சொன்னோம்? "அதெல்லாம் பழைய குப்பை தம்பி. ஊரை ஏமாற்றக் கட்டிய கதை. அதை விட்டுவிட்டுக் கூலிப் பிரச்சினைக்கு வாருங்கள்" என்றோம். வாலிபர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. தன் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லும் வேறோர் இடத்துக்கு அவர் போய் வருகிறார் என்று பின்னால் தெரிந்தது.

தவறு அவருடையதல்ல, நம்முடையது. அந்தத் தவறைத் திருத்திக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரண்டு பேர், ஒரே தவறு

இன்று இந்தியத் தத்துவத்தைப் பற்றி நாட்டில் பேச்சு பலமாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாரதத்தின் பழைய அறிவு மரபுகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் போதிக்க வேண்டும் என்கிறது. போதிக்கட்டும். நம் முன்னோர் சிந்தித்ததை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வதில் நமக்கு என்ன ஆட்சேபம்? ஆனால் எந்த முன்னோர்? எந்தச் சிந்தனை? இதுதான் கேள்வி.

ஒரு சாரார், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்த நாட்டில் நடந்த வாதப் பிரதிவாதங்களையெல்லாம் அழித்துவிட்டு, ஒரே ஒரு தரிசனத்தை மட்டும் மேடையில் ஏற்றி, "இதுதான் இந்தியா" என்கிறார்கள். மற்றொரு சாரார், அதாவது நம்மைப் போன்றவர்கள், அந்த மேடையைப் பார்த்துக் கோபப்பட்டு, "இந்தியத் தத்துவமே வேண்டாம்" என்று எழுந்து போய்விடுகிறோம். முதல் சாரார் சொத்து முழுவதும் தங்களுடையது என்கிறார்கள். நாமோ பத்திரத்தைப் படித்துக்கூடப் பாராமல் "ஆமாம், உங்களுடையதுதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்! இரண்டும் ஒரே தவறுதான்.

ஆகவே, பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

வைதிகத் தரிசனங்கள் ஆறு என்பார்கள்: நியாயம், வைசேஷிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம். இவற்றுக்கு வெளியே பௌத்தம், சமணம், ஆசீவகம், லோகாயதம். தமிழகத்தில் இவற்றோடு சைவ சித்தாந்தம்.

இவற்றில் உலகம் மாயை என்று சொன்னவை எத்தனை? நியாயமும் வைசேஷிகமும் உலகம் உண்மை என்கின்றன. பொருள்கள் அணுக்களால் ஆனவை என்றது வைசேஷிகம். சாங்கியம், பிரகிருதி என்ற மூலப்பொருளிலிருந்து உலகம் விரிந்தது என்றது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கியத்தில் உலகைப் படைத்த கடவுளுக்கு இடமில்லை. வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாம்சகர்கள்கூட, படைப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை ஒப்பவில்லை. வேதாந்தத்திலேயே ராமானுஜரும் மத்வரும் மாயாவாதத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் வாதாடினார்கள். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை என்கிறது. உலகம் வெறும் தோற்றம் என்பதை அது ஏற்பதில்லை.

மீதி இருப்பது சங்கரரின் அத்வைதமும், பௌத்தத்தின் சில பிரிவுகளும்தான். ஆக, "நம் முன்னோர் எல்லோரும் உலகத்தை மாயை என்றார்கள்" என்பது கணக்கிலேயே பொய்.

லோகாயதர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உடலை விட்டுத் தனியே ஆன்மா இல்லை, மறுபிறவி இல்லை, வேள்வியால் பலன் இல்லை என்றார்கள். அவர்களுடைய நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எதிரிகள் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதை வைத்துத்தான் அவர்களை அறிகிறோம். "தின்று குடித்துத் திரிந்தவர்கள்" என்ற வசையும் எதிரிகளின் வாயிலிருந்து வந்ததுதான். வழக்கில் பிரதிவாதியின் வாக்குமூலம் காணாமற் போய்விட்டது. வாதியின் குறிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. 1959இல் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா "லோகாயதம்" என்ற தம் பெருநூலை வெளியிட்டபோது செய்த வேலை, இந்த வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுத்ததுதான்.

நம் மண்ணின் சாட்சி

வடக்கே போக வேண்டாம். நம் குமரி மாவட்டத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

சிதறால் மலையில் ஏறிப் பாருங்கள். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். ஆய் மன்னர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சமணர்கள் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. பின்னாளில் அது பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் என்ற பெயருக்கே காரணமான நாகராஜா கோயிலின் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில்கூட அங்கே சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கடவுள் உலகைப் படைக்கவில்லை என்றும், எந்த உண்மைக்கும் பல பக்கங்கள் உண்டு என்றும் போதித்த ஒரு மதம், நம் ஊரின் நடுவே நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறது.

இனி முன்சிறைப் பக்கம் பார்த்திவபுரத்துக்கு வாருங்கள். அங்கே 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு விஷ்ணு கோயிலும் அதோடு ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்றால் கல்விச்சாலை. 95 மாணவர்களுக்கு இடம். அந்த 95 இடங்களும் எந்த வேதசாகையைச் சேர்ந்தவர்களுக்கு எத்தனை என்று பிரித்துச் செப்பேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் படிக்கவும் உண்ணவும் வயல்கள் விடப்பட்டன. வயலை உழுதவன் பிள்ளைக்கு அந்த 95இல் ஓர் இடமும் இல்லை. சிந்திக்க ஓய்வு கிடைத்தவன் ஒருவன். அந்த ஓய்வுக்குச் சோறு போட்டவன் வேறொருவன். தத்துவத்தைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தமிழ் இலக்கியமும் சாட்சி சொல்கிறது. மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். வைதிகவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி என்று வரிசையாகப் பேசுகிறார்கள். கடைசியில் பூதவாதி பேசுகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால், தனித்தனியே இரண்டிலும் இல்லாத ஒரு கள்வெறி பிறக்கிறதல்லவா, அதுபோலப் பூதங்கள் கூடும்போது அறிவு பிறக்கிறது என்கிறான்.

நம் பனையேறித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். எந்த ஆவியும் கலயத்துக்குள் இறங்கவில்லை. பொருள் மாறுகிறது, அதிலிருந்து புதிய குணம் தோன்றுகிறது. அவர்கள் தினமும் காலையில் மரத்தின் உச்சியில் பார்க்கும் உண்மை இது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்தர். பூதவாதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அவனைப் பேசவிட்டார். காப்பியத்தில் இடம் கொடுத்தார். மாற்றானின் வாதத்தைக் கேட்டுப் பதில் சொல்வதுதான் மரபு என்றால், அந்த மரபுக்கு நாம் முழு மனதோடு வாரிசு.

எல்லாம் ஒரே பிரம்மம். தெரு மட்டும் வேறு

அத்வைதத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்பது மகத்தான சிந்தனை. அதை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த மகத்தான சிந்தனை நடைமுறையில் என்ன செய்தது?

பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யத்திலேயே, சூத்திரனுக்கு வேதம் கற்க உரிமையில்லை என்று வாதிடும் பகுதி இருக்கிறது. எல்லாம் பிரம்மம் என்றால் சூத்திரன் மட்டும் யார்? இதற்கு அத்வைதம் இரண்டு தட்டு உண்மைகளை வைத்திருக்கிறது. மேல் தட்டு பரமார்த்திகம், அங்கே பேதமில்லை. கீழ்த் தட்டு வியாவகாரிகம். அங்கே சாதி உண்டு, தீட்டு உண்டு, வரி உண்டு, அடி உண்டு. மேல் தட்டில் சமத்துவத்தை வைத்துப் பூட்டிவிட்டு, கீழ்த் தட்டில் பழைய வழக்கத்தை நடத்திக்கொள்ளலாம்.

சுசீந்திரத்தில் நடந்தது இதுதான். கோயிலுக்குள் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது. 1924இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. 1926இல் சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. பூதப்பாண்டியில் பிறந்த நம் ஜீவா, இளம் வயதிலேயே இந்தப் போராட்டங்களில் பங்கு கொண்டார். கடைசியில் 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. பேதமில்லை என்ற தத்துவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்தது. தெருவைத் திறந்ததோ சத்தியாக்கிரகிகளின் கால்கள்.

அதற்கும் முன்னால், நம் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது! உலகம் மாயை என்றவர்களுக்கு ஒரு முழத் துணி மட்டும் எவ்வளவு பெரிய உண்மையாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

அந்தக் காலத்தில்தான் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தோன்றினார். கோயிலில் கண்ணாடியை வைத்து, உன்னையே அதில் பார் என்றார். குனிந்து போன மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே கிணறு என்றார். மன்னரின் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. அவருக்குப் பின், நம் மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்த நாராயண குரு, 1888இல் அருவிப்புறத்தில் தாமே சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அவரும் அத்வைதிதான். சங்கரரின் நூலைப் படித்தவர்தான். ஆனால் அவர் மேல் தட்டின் பூட்டை உடைத்தார். எல்லோரும் ஒன்று என்றால் தெருவிலும் ஒன்று, கிணற்றிலும் ஒன்று, பள்ளிக்கூடத்திலும் ஒன்று என்றார்.

இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? ஒரே தத்துவம் ஒருவன் கையில் பூட்டாகிறது, இன்னொருவன் கையில் சாவியாகிறது. எந்தக் கை, எந்த வர்க்கத்தின் கை என்று பார்க்காமல் தத்துவத்தை எடைபோட முடியாது. "கருத்துமுதல்வாதம்" என்று முத்திரை குத்திவிட்டு நாராயண குருவையும் வைகுண்டரையும் ஒதுக்கித் தள்ளுகிறவன் பொருள்முதல்வாதி ஆகமாட்டான். அவன் சோம்பேறி.

1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து கடற்பாறையில் அமர்ந்த விவேகானந்தரும் வேதாந்திதான். அவரே அடுத்த ஆண்டு சிகாகோவில், பட்டினி கிடப்பவனுக்குத் தத்துவம் போதிப்பது அவனை அவமதிப்பதாகும் என்ற பொருள்படப் பேசினார். அந்தப் பாறையில் 1970இல் மண்டபம் எழுந்தது. 2000இல் பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலை எழுந்தது. 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலமும் திறந்தாயிற்று. பாலத்தில் நடந்து படமெடுக்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்தச் சிகாகோப் பேச்சு தெரியும்?

இன்று இதனால் என்ன பயன்?

சிலர் கேட்கலாம்: "சரி, பழைய கதை நன்றாக இருக்கிறது. இன்றைக்குக் கூலிக்காரனுக்கு இதனால் என்ன பயன்?"

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். நம் தத்துவவாதிகள் எல்லோரும் முதலில் தீர்த்துக்கொண்ட கேள்வி, "ஒன்று உண்மை என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். இதற்குப் பிரமாணம் என்று பெயர். லோகாயதர் நேரில் காண்பதை மட்டும் பிரமாணமாகக் கொண்டனர். பௌத்தரும் வைசேஷிகரும் அனுமானத்தையும் சேர்த்து இரண்டு என்றனர். சாங்கியர் மூன்று என்றனர். நையாயிகர் உவமானத்தையும் நம்பத்தக்கவர் சொல்லையும் சேர்த்து நான்கு என்றனர். நம்பத்தக்கவர் யார்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தரும் பதிலைக் கேளுங்கள்: விஷயத்தை நேரில் அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவராகவும் இருக்க வேண்டும். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் ஒன்றே! அறிவு சரியா என்பது அதன்படி செயல்படும்போது தெரியும் என்றும் அவர் சொன்னார். தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா? போய்க் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மைக்கு உரைகல் நடைமுறையே என்று மார்க்ஸ் 1845இல் எழுதினார். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதைப் புரிந்துகொள்ள முதலாவது நம் பிள்ளைகளுக்குப் படிக்கல்லாக உதவும்.

அதே சமயத்தில் பெருமையும் அளவோடு இருக்கட்டும். நையாயிகர்களே பின்னாளில் உதயனர் காலத்தில் இந்தத் தர்க்கத்தைக் கொண்டு கடவுளை நிரூபிக்க முனைந்தார்கள். நம் சுசீந்திரம் கோயிலில், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க வேண்டும் என்ற கைமுக்கு வழக்கம் 19ஆம் நூற்றாண்டுவரை இருந்தது. நியாய சாஸ்திரம் படித்த நாட்டில்தான் கொதிநெய்யும் பிரமாணமாக இருந்தது! கணாதர் அணுவைப் பற்றிச் சிந்தித்தார் என்பது உண்மை. ஆகவே இன்றைய அணு விஞ்ஞானம் முழுவதும் நம்முடையது என்பது உளறல். சிந்தித்த அணு ஏன் சோதனைச்சாலைக்கு வரவில்லை? வேதியியல் அறிஞர் பி.சி. ராய் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்: சாதிமுறை, சிந்திக்கும் மூளையை வேலை செய்யும் கையிலிருந்து பிரித்துவிட்டது, மாயாவாதம் அதற்குத் துணை நின்றது. பார்த்திவபுரத்துச் செப்பேட்டை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விதி என்ற கொள்கையையும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றது ஆசீவகம். எந்த விளைவுக்கும் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் விளைவு நீங்கும் என்றார் புத்தர். இது வெறும் பண்டிதர் சண்டையா? 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் கடலில் வீசியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கரையூர்களில் எத்தனை வீடுகளில் அழுகுரல்! அப்போது "எல்லாம் விதி" என்று ஆறுதல் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் கரையில் நின்ற பெண்கள் விதியைக் கேட்கவில்லை. பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்கு ஏன் எச்சரிக்கை எட்டவில்லை, செய்தி எட்டும் கருவி ஏன் படகில் இல்லை, தேடும் கப்பல் ஏன் தாமதமாக வந்தது என்று கேட்டார்கள். குழித்துறையில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். விதி என்றால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். காரணம் என்றால் அடுத்த புயலுக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும். தத்துவப் பிரிவுகளின் சண்டை இன்றும் நம் கடற்கரையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ஜீவா நமக்கு வழி காட்டியிருக்கிறார். கம்பனையும் பாரதியையும் அவர் எதிரிகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மேடை மேடையாக எடுத்துச் சென்று மக்கள் முன் வைத்தார். இலக்கியத்தில் அவர் செய்ததைத் தத்துவத்தில் நாம் செய்யாமல் இருக்கிறோம்.

ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் ஆண்டுக்கு நான்கு கூட்டங்களாவது இந்தியத் தத்துவத்துக்கு ஒதுக்குவோம். கேள்வி கேட்பவனை விரட்டாமல் உட்காரவைத்துப் பேசுவோம். சிதறால் மலைக்கும் பார்த்திவபுரத்துக்கும் சாமிதோப்புக்கும் வாலிபர்களை அழைத்துப் போவோம். பள்ளியில் மரபைப் போதிப்பதானால், லோகாயதனையும் சமணனையும் சாங்கியனையும் வைகுண்டரையும் சேர்த்துப் போதியுங்கள் என்று கேட்போம். அது நம் உரிமை. பார்த்திவபுரத்துச் சாலையில் இடம் கிடைக்காதவனின் பேரன் இன்று கேட்கிறான் என்று சொல்வோம்.

சென்ற வாரம் அந்த வாலிபரின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அவருடைய தகப்பனார் படுத்திருந்தார். உதவித்தொகைக்குப் போட்ட மனு என்னவாயிற்று என்று முதலில் விசாரித்தோம். அதை மறுபடி எழுதிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டோம். பிறகு, மேலே எழுதியிருப்பதையெல்லாம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். பூதவாதியின் கள் உவமையைச் சொன்னபோது, இதுவரை பேசாமல் கிடந்த பெரியவர் முகத்தைத் திருப்பி, "அதைச் சொன்னவன் பனையேறியாத்தான் இருக்கணும்" என்றார்.

வாலிபர் வாசல்வரை வந்தார். "முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி" என்றார். கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் தகப்பனாரின் வலி மாயை அல்ல, தம்பி, அதற்குக் காரணம் உண்டு, பரிகாரமும் உண்டு என்பதே நம் பதில் என்று சொல்லிவிட்டு வந்தோம். இந்தப் பதிலுக்கு நம் மண்ணிலேயே ஈராயிரம் ஆண்டு வேர் இருக்கிறது. அந்த வேரை நாமே அறுத்துக்கொள்ள வேண்டாம்.